லேப்டாப்பில் குரல் பதிவு: புது மைக் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: விண்டோஸ் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவுச் செயலியை வைத்துச் சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன், மைக் தனியாக வாங்கி மாட்டியிருக்கிறேன், ஆனாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலச் சின்னதாக இருக்கிறது, சத்தத்தைக் கூட்டினால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வருகிறது, சார்ஜர் போட்டால் உறுமல், நடுநடுவே டிக் டிக் சத்தம். எந்த மைக் வாங்கினால் இதெல்லாம் சரியாகும்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது நான்கு தனித்தனிக் கோளாறுகள், நான்குக்கும் காரணம் வேறு வேறு, அதில் மைக்கை மாற்றினால் சரியாகிறது என்று ஒன்றைக்கூட இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. குரல் உங்கள் வாயிலிருந்து கிளம்பி, அறை, மைக், வயர், ஜாக், ட்ரைவர் (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள்), விண்டோஸ் செட்டிங், கடைசியாக ஆடாசிட்டி என்று ஒவ்வொரு இடமாகத் தாண்டித்தான் ஃபைலில் போய் உட்காருகிறது. கோளாறு எந்த இடத்தில் நுழைகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்திலேயே சரி செய்ய வேண்டும். பதிவான பிறகு மென்பொருளில் தேய்த்துக் கழுவலாம் என்று விட்டால், இரைச்சலோடு சேர்ந்து குரலின் உயிரும் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் கீழ்ஸ்தாயி உறுமல் காதுக்கே எட்டாது.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் மாட்டியிருக்கும் மைக்தான் பதிவாகிறதா என்பது. சிரிக்காதீர்கள், 'குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது' என்று யார் சொன்னாலும் என் முதல் சந்தேகம் இதுதான். வெளி மைக் மேசையில் கம்பீரமாக நிற்கும், ஆனால் ஆடாசிட்டி லேப்டாப் திரைக்கு மேலே இருக்கும் ஊசித்துளை மைக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி: ரெக்கார்ட் அழுத்திவிட்டு வெளி மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், அப்புறம் லேப்டாப்பின் மேல் விளிம்பைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது மீட்டர் துள்ளுகிறதோ அதுதான் பதிவாகிற மைக். ஆடாசிட்டியில் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அழுத்தி ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தைப் பாருங்கள். 'மைக்ரோபோன் அரே' என்று இருந்தால் பெரும்பாலும் அது லேப்டாப்பின் உள் மைக். இன்னொன்று, ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கை மாட்டினால் பட்டியலில் அது தெரியாமல் போகலாம். அதே இடத்தில் 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' இருக்கிறது, அதை ஒருமுறை அழுத்தினால் போதும்.

உங்களுக்கு இல்லை, ஆனால் இதே தேடலில் வருகிற பலருக்கு இருக்கும் சிக்கல்: எதுவுமே பதிவாகாமல் நேர்கோடு மட்டும் வருவது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோபோன் என்று போனால் கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி தரும் தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். மேலே உள்ளதை ஆன் செய்துவிட்டு கீழே உள்ளதைப் பார்க்காமல் விட்டால் ஆடாசிட்டிக்கு வெறும் மௌனம்தான் கிடைக்கும். மேக்கிலும் இதே மாதிரி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மைக் அனுமதி தர வேண்டும். சில லேப்டாப்புகளில் கீபோர்டிலேயே மைக்கை அணைக்கும் விசை இருக்கிறது, கை பட்டு அணைந்திருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, மைக் சரியானதுதான், ஆனாலும் குரல் சின்னது என்றால் அடுத்து ஜாக். 3.5 மில்லிமீட்டர் பின்னில் இரண்டு ஜாதி உண்டு. பின்னில் கறுப்பு வளையங்கள் மூன்று இருந்தால் அது மொபைலுக்கான நாலு தொடர்புப் பின். இரண்டு இருந்தால் மூன்று தொடர்புப் பின், கேமராவுக்கும் பழைய கணினிகளின் ரோஸ் நிற மைக் துளைக்கும் ஆனது. இப்போது வரும் லேப்டாப்புகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான், அது நாலு தொடர்புப் பின்னை எதிர்பார்க்கிறது. அதில் மூன்று தொடர்பு மைக்கைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் உள் மைக்கிலேயே பதிவைத் தொடரும். மாற்றும் அடாப்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், கடைக்காரரிடம் மைக்கையும் லேப்டாப்பையும் காட்டி வாங்குவது நல்லது. அதைவிடச் சிறந்தது சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை இருக்கும், லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மின்சத்தத்திலிருந்தும் ஓரளவு விலகிவிடலாம்.

மைக் பெரிய உருளையாக, ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வந்த மலிவு கண்டென்சர் வகையா (வேலை செய்யவே மின்சாரம் கேட்கும் வகை)? அப்படியென்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. முறையான கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். அதைத் தருவது ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் வெளிப்பெட்டி), மிக்ஸர், அல்லது அதற்கென்றே விற்கும் பவர் பெட்டி. லேப்டாப்பின் மைக் துளை தருவது சில வோல்ட்டுகள் மட்டும். பெட்டியோடு வரும் வயரில் மைக்கை நேராக லேப்டாப்பில் குத்தினால் குரல் வரும், ஆனால் பட்டினி கிடந்த குரல் வரும். இது மைக்கின் குற்றமே இல்லை. பக்கவாட்டில் பேச வேண்டிய மைக்கின் உச்சியில் பேசுவதும் ஏராளமாக நடக்கிறது. இவ்வகை மைக்குகளில் பலவற்றுக்கு முகம் பக்கத்தில்தான் இருக்கும், வழக்கமாகக் கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம். மைக்கை மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒரே வரியைப் படித்துப் பதிவு செய்து பாருங்கள், எந்தப் பக்கம் குரல் நெருங்கி வந்து நிற்கிறதோ அதுதான் முகம்.

இதற்கெல்லாம் மேலே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது தூரம். ஒரு மைக்கிலிருந்து நீங்கள் இருக்கும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. 60 சென்டிமீட்டரிலிருந்து 30, 30-லிருந்து 15 என்று வந்தால் 12 டெசிபல். அதேசமயம் ஃபேன், தெரு, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் முன்பிருந்த அளவிலேயே இருக்கும். அதாவது ஒரு பைசா செலவில்லாமல் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 12 டெசிபல் இடைவெளி கிடைத்துவிடுகிறது. எந்தச் செயலியும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்யாது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் மைக்கை வையுங்கள், வாய்க்கு நேராக அல்ல, வாயின் ஓரத்துக்கு நேராக, கொஞ்சம் சாய்த்து. நேராக வைத்தால் 'பாட்டி', 'பெரிய' என்று ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று மைக்கில் மோதி 'தொப்' என்று கேட்கும். பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத் திரை) இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் இந்தச் சாய்வே பாதி வேலையைச் செய்துவிடும். மிச்சமிருக்கும் 'தொப்'பை ஆடாசிட்டியின் ஹைபாஸ் ஃபில்டரில் (கீழ்ஸ்தாயியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம், பேச்சுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் குறையாது.

தூரம் சரியான பிறகுதான் லெவல். விண்டோஸில் பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக சவுண்ட், ரெக்கார்டிங் என்று போய் உங்கள் மைக்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் லெவல்ஸ் பக்கத்தில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்று ஒன்று இருக்கலாம். பத்துப் பத்தாக 30 டெசிபல் வரை போகும். உங்கள் 'ஸ்ஸ்' இரைச்சலின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். பூஸ்ட்டை 0 அல்லது 10-இல் நிறுத்தி, மேலே இருக்கும் சாதாரண லெவலைக் கூட்டிப் பாருங்கள். இலக்கு என்னவென்றால், சாதாரணமாகப் படிக்கும்போது ஆடாசிட்டி மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்க வேண்டும், கதாபாத்திரம் கத்தும்போது மைனஸ் 6 வரை போகலாம். 0-வைத் தொடவே கூடாது. தொட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், அந்த இடம் கரகரவென்று உடையும், ஒரு தடவை வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். ஆடாசிட்டி 32 பிட் ஃப்ளோட்டில் (0-வைத் தாண்டிய அளவையும் வைத்துக்கொள்ளும் முறையில்) வேலை செய்கிறது, அதனால் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். வெட்டு நடப்பது மைக் சிக்னல் எண்ணாக மாறும் சிப்பில், ஆடாசிட்டிக்கு வந்து சேரும்போதே தலை போய்விட்டிருக்கும். கொஞ்சம் தாழ்வாகப் பதிவு செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

அதே பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருந்தால் எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸ் 11-இன் புது செட்டிங்ஸில் அது 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். லேப்டாப் கம்பெனி தன் பங்குக்கு ஒரு சவுண்ட் செயலி போட்டிருந்தால் அதிலும் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வேண்டும். இவையெல்லாம் அலுவலக மீட்டிங்குக்காகச் செய்யப்பட்டவை, கதை வாசிக்க அல்ல. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, நாம் படிக்கும்போது குரலும் அங்கேதான் தாழ்கிறது. 'திரும்பிப் பார்க்காமல் போனாள்' என்று மெல்ல முடிக்கும்போது இந்த இரைச்சல் நீக்கி அந்த மெலிந்த 'ள்'ளை ஃபேன் சத்தம் என்று முடிவுகட்டி விழுங்கிவிடும், கேட்பவருக்குப் போனது அவளா அவனா என்பதே தெளிவாகாது. வாக்கிய முடிவுகள் உங்கள் பதிவில் மழுங்குகின்றன என்றால் உச்சரிப்பைச் சந்தேகிக்கும் முன் இந்த சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

இனி உறுமல். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதன் மடங்குகளான 100, 150-ம் சேர்ந்து வருவதுதான் நீங்கள் கேட்கும் உறுமல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். உறுமல் சட்டென நின்றால் காரணம் சார்ஜரும் எர்த்தும். அப்படியென்றால் உடனடி வைத்தியம், பதிவை எப்போதும் பேட்டரியிலேயே செய்வது. நிரந்தர வைத்தியம் வேண்டுமென்றால் அந்த பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், துளை மூன்று இருக்கும், உள்ளே மூன்றாவது வயர் இருக்காது, அந்த மாதிரி வீடுகள் நிறைய. மிக்ஸரோ இன்டர்ஃபேஸோ வைத்திருப்பவர்கள் அதையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடும் மின்சாரச் சுழல் பெரும்பாலும் போய்விடும். உறுமல் போகிறதே என்று எர்த் பின்னை உடைப்பதோ டேப் சுற்றி மறைப்பதோ மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஷாக் அடிக்காமல் உங்களைக் காப்பாற்றும் பின்.

சார்ஜரைப் பிடுங்கியும் உறுமல் இருந்தால் அறையைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் லைட் சுவிட்ச், கரண்ட் போனபிறகு ஓடும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், மூன்றுமே 'ங்ர்ர்' என்று ஒரு கூர்மையான சத்தத்தை வயருக்குள் தள்ளும். ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் மாறுகிற கீச்சுச் சத்தம் வேறு வகை. அது யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்தின் அழுக்கு. வேறு போர்ட்டில் மாட்டுவது, வயரைக் குட்டையாக்குவது, தனி மின்சாரம் உள்ள ஹப் வைப்பது என்று போக வேண்டும். மொபைலையும் மைக் வயர் பக்கத்தில் வைக்காதீர்கள், ஏரோப்ளேன் மோடில் போட்டு அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

டிக் டிக் சத்தத்துக்கு முதலில் அது எந்த டிக் என்று தெரிய வேண்டும். ஆடாசிட்டியில் அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள், அலையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும்வரை. வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாகத் துண்டித்து வேறொரு உயரத்தில் தொடர்ந்தால், நடுவில் கொஞ்சம் ஒலி தொலைந்திருக்கிறது, அது கணினியின் தவறு. கோடு தொடர்ச்சியாகவே இருந்து, இரண்டு சொற்களுக்கு நடுவே சின்ன முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது வாயின் சத்தம், நாக்கும் உதடும் காய்ந்து ஒட்டிப் பிரிகிற சத்தம். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு மடக்குக் குடித்தால் போதும், எந்த ட்ரைவரையும் தொட வேண்டாம்.

கணினியின் தவறு என்றால், அது உங்கள் ஒலியை எடுத்து வைக்க நேரமில்லாமல் வேறு வேலைக்கு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பவர் செட்டிங்கை முழு வேகத்துக்கு மாற்றுங்கள், பேட்டரியில் பதிவு செய்யும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மிச்சம் பிடிக்கும் மோடில் ப்ராசஸர் தூங்கி வழியும். வைஃபையை அணையுங்கள், வைஃபை ட்ரைவர் இந்த விஷயத்தில் பழைய குற்றவாளி. பிரவுசரை முழுக்க மூடுங்கள். கீச்சுச் சத்தத்துக்காகத் தனி மின்சாரம் உள்ள ஹப் வைத்திருந்தாலொழிய, யூஎஸ்பி மைக்கை ஹப்பில் இல்லாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். ஆடாசிட்டி ப்ராஜெக்டை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போல மேகத்தோடு ஒத்திசைகிற ஃபோல்டரில் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆடாசிட்டி மொத்த ப்ராஜெக்டையும் ஒரே டேட்டாபேஸ் ஃபைலாக வைத்து எழுதிக்கொண்டே இருக்கிறது. அது எழுதும்போதே இன்னொரு செயலி அந்த ஃபைலைப் பிடித்து மேலே அனுப்ப முயன்றால் டிக் சத்தம் மட்டுமல்ல, ப்ராஜெக்டே கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. விண்டோஸ் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கும், அதனால் சி அல்லது டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பிள் ரேட்டையும் (ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பது) ஒத்துப்போக வையுங்கள். விண்டோஸில் அதே மைக் பிராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 48000 என்று இருந்தால் ஆடாசிட்டியிலும் 48000. ஒன்று 44100, ஒன்று 48000 என்று இருந்தால் பல நேரம் விண்டோஸே சத்தமில்லாமல் மாற்றிக்கொடுத்துவிடும், சில நேரம் ரெக்கார்டிங் டிவைஸைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். 44100-இல் எடுத்ததை ஏதோ ஒரு செயலி 48000 என்று தப்பாக எடுத்துக்கொண்டால் குரல் சுமார் 9 சதவீதம் வேகமாகி, சுருதியும் மேலே ஏறி, உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாகக் கேட்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். பாட்டு கேட்கும்போது அது நல்ல தரத்தில் ஓடும், மைக்கை ஆன் செய்த கணமே வழக்கமாகத் தொலைபேசி மோடுக்கு இறங்கிவிடும், சாம்பிள் ரேட் 16000 அல்லது 8000 ஆகிவிடும். அந்தக் குரலில் 'ச'வும் 'ஸ'வும் தேய்ந்துபோகும், எந்த ஃபில்டரும் திருப்பிக் கொண்டுவராது. ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்பவர்களுக்குப் பதில் இன்னும் சின்னது: ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் சேனலை மோனோ ஆக்குங்கள், ஒரு குரலுக்கு ஸ்டீரியோ தேவையே இல்லை.

அறையின் எதிரொலியைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும், ஏனென்றால் பதிவான எதிரொலியைக் குரல் கெடாமல் எடுப்பது கஷ்டம். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் பலன் இல்லை, மெல்லிய ஃபோம் துண்டுகளும் உச்சஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள் அல்லது கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபேனை அணைத்துத்தான் ஆக வேண்டும். ஏப்ரல் மே மாதங்களில் இது தண்டனை என்பது தெரியும், அதனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் படிக்காமல் பத்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள், விடியற்காலையில் எடுத்தால் தெருவும் அமைதியாக இருக்கும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி பேசாமல் இருந்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் ஆடாசிட்டியின் இரைச்சல் குறைக்கும் வசதியான நாய்ஸ் ரிடக்‌ஷன் போட அந்த மௌனம்தான் மாதிரி. 6-லிருந்து 12 டெசிபலுக்குள் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவது போலக் குளறும்.

இரைச்சல் போதுமான அளவு குறைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஏசிஎக்ஸ் என்ற ஒலிப்புத்தகத் தளம் கேட்கும் அளவை வைத்துக்கொள்ளுங்கள்: உச்சம் மைனஸ் 3 டெசிபலுக்குக் கீழே, சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவே, மௌனத்தில் இருக்கும் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. நீங்கள் அங்கே வெளியிடப் போவதில்லை என்றாலும் காதுக்கு இதமான அளவு இதுதான். எம்பி3 ஆக்கும் முன் திருத்தாத மூலப் பதிவை வேவ் ஃபைலாக ஒரு பிரதி வைத்துவிடுங்கள், 48000, 16 பிட் மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு 350 எம்பி கூட ஆகாது.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அப்போது மைக் வாங்குங்கள். உங்கள் அறை தெருவைப் பார்த்த அறையாக இருந்தால் கண்டென்சர் வேண்டாம், யூஎஸ்பியில் நேராக மாட்டுகிற டைனமிக் கார்டியாய்ட் மைக் (முன்னால் அருகில் பேசும் குரலை அதிகமாகவும் தூரத்துச் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கும் வகை) எடுங்கள், மைக்கிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், உங்கள் குரலைத் தாமதமில்லாமல் அதில் கேட்டுக்கொண்டே படிக்கலாம். டைனமிக் மைக் அருகில் பேசினால்தான் நன்றாகப் பேசும், நாலு விரல் தூரத்தில் தொடங்கிப் பாருங்கள். அமைதியான உள்ளறை இருக்கிறது, போர்வை கட்ட வசதியிருக்கிறது என்றால், இப்போது கையில் இருப்பது கண்டென்சர்தான் என்றால் அதற்கே 48 வோல்ட் தருகிற சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் போதும், மைக்குக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.